பழைய ஆர்கேட் பெட்டிக்குள் கணினி: ஒரு வயரையும் வெட்டாமல் மாற்றும் வழி

நீங்கள் கேட்டிருப்பது இது. மூடப்பட்ட ஒரு வீடியோ கேம் கடையிலிருந்து, நின்றபடி ஆடும் பழைய ஆர்கேட் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே பிக்சர் டியூப் இருக்கிறது, வயர்கள் கட்டாகத் தொங்குகின்றன, விளையாட்டு பதிந்திருக்கும் சர்க்யூட் பலகையான கேம் போர்டு இயங்கவில்லை. உள்ளே இருப்பதை மொத்தமாகக் கழற்றிவிட்டு எல்சிடி திரையும் கணினியும் பொருத்தினால் போதுமா, அதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்கிறீர்கள்.

கணினி பொருத்தலாம். இந்த வேலையிலேயே மிக எளிதான பகுதி அதுதான். மொத்தமாகக் கழற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: நாளை ஒரு நல்ல கேம் போர்டு கையில் கிடைத்தால், கணினியின் இணைப்பை உருவிவிட்டு அந்தப் போர்டை அதே இடத்தில் செருகி ஆட முடிய வேண்டும். பழைய பொருள் மீதுள்ள பாசம் மட்டும் இதற்குக் காரணமில்லை. இருக்கிற வயரிங்கைப் பயன்படுத்திக்கொண்டால் செலவும் குறையும், வேலையும் குறையும், ஆடும்போது கைக்கும் கண்ணுக்கும் கிடைக்கும் நிறைவும் கூடும்.

முதலில் பெட்டி எந்த வகை என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து வயர்க் கட்டின் முனையைத் தேடுங்கள். பக்கத்துக்கு 28 வீதம் மொத்தம் 56 தொடுமுனைகள் கொண்ட நீளமான செருகி தென்பட்டால் அது ஜம்மா இணைப்பு. ஜப்பானியக் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் 1985இல் வகுத்த தரம் அது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வயர் போட்டது. விளையாட்டை மாற்ற நினைக்கும் கடைக்காரர் வயரிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. ஜம்மா வந்தபின் பழைய போர்டை உருவிப் புதியதைச் செருகினால் போதும் என்றானது. மின்சாரம், சிவப்பு பச்சை நீல வண்ணச் சைகைகள், படத்தின் வரிகளை இடத்தில் நிறுத்தும் சிங்க் சைகை, ஸ்பீக்கருக்கான ஒலி, இரண்டு பேரின் ஜாய்ஸ்டிக்குகள், பொத்தான்கள், நாணய ஸ்விட்ச் எல்லாம் அந்த ஒரே செருகியின் வழியாகத்தான் போகின்றன. தரத்தின்படி ஆளுக்கு மூன்று பொத்தான்களே உண்டு. 1991இல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆளுக்கு ஆறு தேவைப்பட்டதால், கீழ்வரிசை உதைப் பொத்தான்களுக்கென்று தனியாக ஒரு சிறு வயர்க் கட்டு சேர்ந்தது. உங்கள் பெட்டியில் அப்படி ஒரு துணைக் கட்டு தொங்கினால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

இந்தியாவின் விளையாட்டுக் கூடங்களில் நின்ற பெட்டிகளில் பெரும்பாலும் விளையாட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் 'முஸ்தஃபா' என்று கூப்பிட்ட காப்காமின் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் (1993) ஓடிய பெட்டியில் அடுத்த ஆண்டு வேறொன்று ஓடும். அத்தகைய பொதுப் பெட்டிதான் கணினி வைக்கப் பொருத்தமானது. ஒரே விளையாட்டுக்கென்று செய்யப்பட்டு, அதன் பக்க ஓவியங்களோடும் மூலப் பலகைகளோடும் இருக்கும் பெட்டி வேறு கதை. குறிப்பாக ஆஸ்டராய்ட்ஸ் (1979), டெம்பெஸ்ட் (1981) போன்ற அட்டாரி இயந்திரங்களில் திரையின் மின்கற்றை வரிவரியாக ஓடாது, உருவத்தின் கோடுகளை நேரடியாக இழுத்து வரையும். அந்தத் திரைக்குச் சாதாரணக் கணினி எதையும் அனுப்ப முடியாது. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு பொது ஜம்மா பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே விளையாட்டுக்கான அந்தப் பெட்டியைக் குடைந்து எடுத்தபின் திரும்ப உண்டாக்க யாராலும் முடியாது.

இனி திரை. எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தே அமையும் என்பதால் இதில் அவசரப்பட வேண்டாம்.

1980களிலும் 90களிலும் வந்த விளையாட்டுகள் பிக்சர் டியூபை மனதில் வைத்து வரையப்பட்டவை. பேக்-மேன் (1980) செங்குத்துத் திரையில் 224க்கு 288 புள்ளிகள் கொண்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் படம் 384க்கு 224. அந்த 384 புள்ளிகளும் 4:3 வடிவத் திரைக்குள் நெருக்கிக் காட்டப்பட்டதால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூடியது. டியூபில் வரிகளுக்கு நடுவே மெல்லிய இருள் இருக்கும், பக்கத்துப் பக்கத்து வண்ணங்கள் ஒன்றோடொன்று இழையும். ஓவியர்கள் அந்த இழைவை நம்பித்தான் முகத்தின் நிழலையும் தசையின் வளைவையும் நான்கைந்து வண்ணங்களில் கொண்டுவந்தார்கள். அதே படம் எல்சிடியில் கட்டங்கட்டமாகத் தெரிகிறது. இன்னொரு வேறுபாடு வேகம். போர்டிலிருந்து சைகை வரும் அதே கணத்தில் டியூப் அந்த வரியை வரைந்துவிடும். எல்சிடி சைகையை வாங்கி, அளவை மாற்றி, பிறகுதான் காட்டும். நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடிதான் கிடைக்கிறது. அதில் இரண்டு மூன்று படம் பிந்தினாலே, எதிராளியின் அடியைத் தடுக்கக் கை பழகியவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே டியூப் உயிரோடு இருந்தால், அல்லது உயிர்ப்பிக்க முடிந்தால், அதை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. படம் சுருங்குவது, ஓரங்கள் வளைவது, மேல்பகுதி மடிவது போன்றவை பெரும்பாலும், டியூபை இயக்கும் சர்க்யூட் பலகையான சாசிஸில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் காய்ந்துபோனதன் அடையாளம். அவற்றை மொத்தமாக மாற்றினாலே பாதி நோய் தீரும். சாசிஸின் லேபிளில் மாடல் பெயர் இருக்கும். அமெரிக்கப் பெட்டியென்றால் வெல்ஸ்-கார்ட்னர் கே7000, ஐரோப்பியப் பெட்டியென்றால் ஹன்டாரெக்ஸ் எம்டிசி 9000, ஜப்பானியப் பெட்டியென்றால் நனாவோ எம்எஸ்9 போன்ற பெயர்களைக் காணலாம். அந்தப் பெயரைக் கொண்டு சர்க்யூட் படத்தையும் கெபாசிட்டர் பட்டியலையும் தேடி எடுத்துவிடலாம். பழைய டிவி மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் போங்கள். ஆர்கேட் மானிட்டர் நொடிக்குச் சுமார் 15,700 வரிகளை வரைகிறது. நம் வீடுகளில் இருந்த டியூப் டிவி 15,625 வரிகளை வரைந்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட் அவருக்குப் பழக்கமானதாகவே இருக்கும். டியூப் மட்டும் தேய்ந்திருந்தால், அதே அளவுள்ள டிவி டியூபை மாற்றி வைக்கும் வழியும் உண்டு. கழுத்தின் சாக்கெட்டும், கழுத்தைச் சுற்றியுள்ள யோக் சுருளின் மதிப்பும் பொருந்த வேண்டும். அதை அவரே அளந்து சொல்வார்.

இந்த இடத்தில் அழுத்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டியூபின் பக்கவாட்டில் ரப்பர் குமிழ் மூடியோடு ஒரு தடித்த வயர் போகும். அதன் முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பெட்டியை அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் நெடுநேரம் தங்கும். சாசிஸில் உள்ள பெரிய கெபாசிட்டரிலும் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் மிச்சமிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்கு காப்பிடப்பட்ட தட்டையான ஸ்குரூடிரைவரின் உலோகத் தண்டை ஒரு வயரால் டியூபைச் சுற்றியுள்ள வெற்றுப் பின்னல் வயரோடு இணைத்து, அதன் பிறகே ரப்பர் மூடிக்குள் நுழைத்து மின்னூட்டத்தை இறக்க வேண்டும். சிறிது நேரத்தில் மீண்டும் கொஞ்சம் ஏறும் என்பதால் இன்னொரு முறையும் இறக்க வேண்டும். ஒரு கையால் மட்டுமே வேலை செய்ய வேண்டும், மற்றக் கை பெட்டியில் எங்கும் படக்கூடாது. டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. இடித்தால் காற்று புகுந்து டியூப் அத்தோடு போய்விடும். இதுவரை செய்து பழக்கமில்லை என்றால் இந்த ஒரு பகுதியை மட்டுமாவது மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தைரியத்தைச் சோதித்துப் பார்க்கும் இடம் இதுவல்ல.

இதோடு சேர்ந்ததுதான் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பல ஆர்கேட் மானிட்டர்களின் சாசிஸ் நேரடியாக மின்வழியோடு தொடர்புடையது. பெட்டியின் அடியில் இருக்கும் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர்தான் இரண்டையும் பிரித்து வைக்கிறது. இடத்தை அடைக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு மானிட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுபவர்கள் உண்டு. மானிட்டரும் எரியலாம், கணினியும் எரியலாம், தொடுபவருக்கும் அடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்க மானிட்டர் 120 வோல்ட்டும் ஜப்பானியது 100 வோல்ட்டும் எதிர்பார்க்கும். நம் 230 வோல்ட்டை அதற்குக் கொடுக்கும் முன் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பு எந்த மதிப்பில் இருக்கிறது என்று மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள்.

சரி, டியூப் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியை அதோடு இணைப்பதில் மூன்று முரண்பாடுகள் இருக்கின்றன. கணினியின் விஜிஏ வெளியீடு 31.5 கிலோ ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 31,500 வரிகளில் ஓடுகிறது, மானிட்டருக்குத் தெரிந்தது 15.7. இரு மடங்கு வேகத்தை அதன் தலையில் கட்டினால் படம் சிதறுவதோடு, கிடைமட்ட வெளியீட்டு டிரான்சிஸ்டரே எரிந்துபோகக்கூடும். அடுத்தது, கணினி தரும் வண்ணச் சைகை 0.7 வோல்ட். கேம் போர்டுகள் அதைவிடப் பல மடங்கு வலுவான சைகையைத் தந்து பழக்கியிருப்பதால் நேரடியாக இணைத்தால் படம் மங்கலாக இருக்கும். மூன்றாவது, கணினி கிடைமட்ட சிங்கையும் செங்குத்து சிங்கையும் தனித்தனி வயரில் அனுப்புகிறது. பல ஆர்கேட் மானிட்டர்களுக்கு இரண்டும் கலந்த ஒரே சைகை வேண்டும்.

இங்கிலாந்தின் அல்டிமார்க் நிறுவனம் தயாரிக்கும் ஜே-பேக் என்ற சிறு பலகை இதற்கென்றே இருக்கிறது. அதன் ஒரு முனையில் ஜம்மா விளிம்பு இருக்கும். உங்கள் பெட்டியின் செருகி அப்படியே அதில் உட்காரும். மறுமுனையில் கணினியின் விஜிஏ வயரும் யுஎஸ்பி வயரும் மாட்ட வேண்டும். சைகையைப் பெருக்குவது, சிங்கைக் கலப்பது, தவறான வேகத்தில் சைகை வந்தால் மானிட்டருக்குப் போகாமல் தடுப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஜாய்ஸ்டிக், பொத்தான், நாணய ஸ்விட்ச் எல்லாம் கணினிக்கு ஒரு விசைப்பலகை போலத் தெரியும். பெட்டியில் ஒரு வயரைக்கூட வெட்டவில்லை பாருங்கள். நாளை போர்டு கிடைத்தால் ஜே-பேக்கை உருவிவிட்டு அதைச் செருகினால் முடிந்தது.

அந்த 15 கிலோ ஹெர்ட்ஸ் சைகையை உருவாக்க வேண்டியது கணினியின் கிராபிக்ஸ் கார்டு. இன்றைய கார்டுகளில் அனலாக் வெளியீடே இல்லை. பழைய ரேடியான் எச்டி 5450 போன்ற ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடியுங்கள். அத்தகைய கார்டுகளுக்காகவே ஆர்வலர்கள் உருவாக்கிய சிஆர்டி எமுடிரைவர் என்ற டிரைவர் விண்டோஸில் இயங்கும். பழைய ஆர்கேட் போர்டுகளைப் போலவே கணினியை நடக்க வைக்கும் மென்பொருள் மேம். அதன் ஒரு வடிவமான குரூவிமேமை இதோடு சேர்த்தால், ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் மூலப் போர்டு எந்த அளவில், எந்த வேகத்தில் படத்தை அனுப்பியதோ கிட்டத்தட்ட அதே சைகையை உண்டாக்கித் தரும். மார்ட்டல் காம்பாட் (1992) நொடிக்கு 54.7 படங்கள் காட்டியது, பேக்-மேன் 60.6. சாதாரணத் திரை எல்லாவற்றையும் 60க்கு இழுக்கும்போது ஓட்டத்தில் சிறு தடுமாற்றம் தெரியும். குரூவிமேம் அந்த எண்ணையே பின்பற்றும். கணினியை இயக்கிய முதல் சில நொடிகள், பயாஸ் திரை ஓடும் வரை, சைகை 31 கிலோ ஹெர்ட்ஸில்தான் இருக்கும். ஜே-பேக் இல்லாமல் வேறு வகையில் இணைப்பவர்கள் மானிட்டருக்குத் தனி ஸ்விட்ச் போட்டு, விண்டோஸ் ஏறிய பிறகே அதை இயக்க வேண்டும்.

டியூப் உண்மையிலேயே செத்துவிட்டதென்றால் எல்சிடிக்குப் போகலாம், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் அளவெடுங்கள். பலர் 27 அங்குல அகலத்திரையை வாங்கிவிட்டுப் பிறகு பெட்டியின் பக்கப் பலகையை அறுக்கிறார்கள். 27 அங்குல 16:9 திரையின் படப்பகுதி மட்டுமே 23.5 அங்குல அகலம். சட்டத்தோடு சேர்த்தால் 24ஐத் தாண்டும். பல பெட்டிகளின் உள் அகலம் அதற்கு இடம் தராது. இவ்வளவு அகலமான திரையில் 4:3 படத்தைக் காட்டினால் கிடைப்பது 17.6க்கு 13.2 அங்குலம், அதாவது 22 அங்குல டியூபுக்குச் சமமான படம்தான். இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் சும்மா நிற்கும். பழைய அலுவலகக் கணினிகளோடு வந்த 20 அங்குல 4:3 எல்சிடி, 1600க்கு 1200 புள்ளிகள் கொண்டது, 19 அங்குல டியூபின் இடத்தில் கச்சிதமாக உட்காரும். புதிதாக வாங்குவதென்றால் 1440 வரிகள் கொண்ட திரையாகப் பாருங்கள். 240 வரிப் படத்தைச் சரியாக ஆறு மடங்காகப் பெருக்கலாம். 1080 வரித் திரையில் 224ஐ நிரப்ப முயன்றால் மடங்கு முழு எண்ணாக வராது, வரிகள் சில தடித்தும் சில மெலிந்தும் தெரியும். படப் புதுப்பிப்பு வேகம் மாறக்கூடிய திரையாக இருந்தால் அந்த 54.7 சிக்கலும் தீரும்.

எல்சிடியை மாட்டும்போது டியூப் நின்ற அதே சட்டத்தின் துளைகளில் ஒரு பிளைவுட் பலகையைப் போல்ட் போட்டு, அதில் திரையின் பின்புறமுள்ள 100 மில்லிமீட்டர் இடைவெளித் துளைகளைப் பொருத்துங்கள். கழற்றிய டியூபைக் குப்பையில் போடாதீர்கள், உடைக்கவும் செய்யாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. சாசிஸ் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

கட்டுப்பாட்டுப் பலகைக்கு வருவோம். திரைக்கு அடுத்தபடியாகக் கவனம் வேண்டிய இடம் இது. இருக்கும் துளைகளை முதலில் அளந்து பாருங்கள். ஹேப் போன்ற அமெரிக்க வகைப் பொத்தான்களுக்கு ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டர் துளை போதும். சன்வா போன்ற ஜப்பானிய வகைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். இணையத்தில் எல்லோரும் சன்வாவைப் புகழ்கிறார்கள் என்று அதை வாங்கிவிட்டுத் துளையை அகலமாக்க அரத்தை எடுக்காதீர்கள். தடித்த மரப் பலகைக்கும் பழைய துளைக்கும் நீண்ட மரையுள்ள ஹேப் வகையே பொருந்தும், முரட்டு ஆட்டத்தையும் அது தாங்கும். பல சமயம் பொத்தானையே மாற்றத் தேவையிருக்காது. அடியில் உள்ள மைக்ரோஸ்விட்சை மட்டும் மாற்றி, பிளாஸ்டிக்கைச் சோப்பு நீரில் கழுவி, சுருள்வில்லை மாற்றினால் புதியது போல ஆகிவிடும். மைக்ரோஸ்விட்சில் மூன்று முனைகள் இருக்கும். பொது முனைக்குத் தரை (கிரவுண்ட்) வயர், சாதாரணமாகத் திறந்திருக்கும் முனைக்குச் சைகை வயர். மூன்றாவது காலியாக இருக்க வேண்டும். தரை வயர் எல்லா ஸ்விட்சுகளையும் சங்கிலியாகத் தொட்டுக்கொண்டு போகும். நடுவே ஓரிடத்தில் விட்டுப்போனால் அதற்கு அப்பால் உள்ள பொத்தான்கள் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். அந்த அறிகுறியைக் கண்டால் பொத்தானைக் குறை சொல்லாமல் தரை வயரைத் தேடுங்கள்.

பேக்-மேனும் டாங்கி காங்கும் (1981) நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காக எழுதப்பட்டவை. எட்டுத் திசைத் தண்டில் ஆடினால் மூலையைத் தொட்டவுடன் உருவம் திரும்ப மறுக்கும், பழி ஆடுபவர்மீது விழும். சண்டை விளையாட்டுகளுக்கோ எட்டுத் திசையும் தேவை. சில ஜாய்ஸ்டிக்குகளில் அடியிலுள்ள தகட்டைத் திருப்பினால் நான்குக்கும் எட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். வாங்குவதென்றால் அப்படிப்பட்டதை வாங்குங்கள்.

ஜம்மா இல்லாத பெட்டியாக இருந்தால் பொத்தான் அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் பலகையான என்கோடர் வேண்டும். ஐ-பேக் போன்ற விசைப்பலகை வகை சரியாக இருக்கும். மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி கேம்பேட் என்கோடர்களும் வேலை செய்யும். ஆனால் ஒரே மாதிரி இரண்டை மாட்டினால், கணினியை மறுமுறை இயக்கும்போது முதல் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறிப்போகும் தொல்லை உண்டு. விண்டோஸில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மேம் மென்பொருளில் முதல் ஆளின் பொத்தான்கள் இயல்பாக இடது கண்ட்ரோல், இடது ஆல்ட், ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் ஆகிய விசைகள். ஷிஃப்ட்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் ஒட்டும் விசைகளுக்கான (ஸ்டிக்கி கீஸ்) அறிவிப்பு ஆட்டத்தின் நடுவே எழுந்து நிற்கும். அணுகல் வசதி அமைப்புகளில் அந்தக் குறுக்குவழியை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

கணினியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2000க்கு முந்தைய இருபரிமாண விளையாட்டுகளுக்கு, அலுவலகங்கள் கழித்துவிடும் நான்காம் தலைமுறை ஐ5 கணினியும் 8 ஜிபி நினைவகமும் தாராளம். மேம் பெரும்பாலும் செயலியின் ஒற்றைக் கரு வேகத்தையே நம்புகிறது, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டால் பயனில்லை. பெட்டிக்குள் சூடு இருக்கும் என்பதால் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி வையுங்கள். கணினியைப் பெட்டியின் அடித்தளத்தில் வைத்து, மேலே பின்பக்கம் ஏற்கெனவே இருக்கும் காற்றுத் துளைகளில் ஒரு மின்விசிறியைப் பொருத்தினால் சூடு வெளியேறும். தாய்ப்பலகையின் பவர் ஸ்விட்ச் முனைகளிலிருந்து இரண்டு வயரை நீட்டி, பெட்டியின் மேல்பக்கமுள்ள பழைய ஸ்விட்ச் துளையில் ஓர் அழுத்துப் பொத்தானை வையுங்கள். கணினிக்கு அதன் சொந்த எஸ்எம்பிஎஸ் போதும். பெட்டியின் பழைய 5 வோல்ட் சப்ளையின் இணைப்பை எடுத்து, லேபிள் ஒட்டி, அங்கேயே விட்டுவிடுங்கள். போர்டு வரும் நாளில் அது வேண்டும்.

ஒலிக்கு ஒரு சிறு வேலை உண்டு. கேம் போர்டு ஒலியைப் பெருக்கியே ஸ்பீக்கருக்கு அனுப்பும், கணினியின் ஒலி முனை அப்படிப் பெருக்குவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 12 வோல்ட் ஆம்ப்ளிஃபையர் பலகை ஒன்றும் அதற்கான தனி அடாப்டரும் வாங்கிப் பழைய ஸ்பீக்கருக்கே கொடுங்கள். ஸ்பீக்கரை மாற்ற நேர்ந்தால் காந்தக் கவசம் உள்ளதை வாங்க வேண்டும், இல்லையென்றால் டியூபின் ஓரத்தில் வண்ணத் திட்டுகள் படரும்.

எர்த்தை மறக்கக் கூடாது. நாணயக் கதவும், உலோகமாக இருந்தால் கட்டுப்பாட்டுப் பலகையும், மூன்று முனை பிளக்கின் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். பழைய கடைகளில் இந்த வயரை வெட்டிவிட்டிருப்பது சகஜம். மீட்டரில் தொடர்ச்சி பார்த்துவிட்டே பிள்ளைகளை அருகில் விடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதி. துகள் பலகையால் ஆன பெட்டி ஈரத் தரையில் நின்றிருந்தால் கீழ் நான்கு அங்குலம் ஊதிப்போயிருக்கும். கரையான் தடமும் அங்கேதான் தொடங்கும். ஊதிய பகுதியை எப்பாக்ஸியால் இறுக்கி, அடியில் உயரம் சரிசெய்யும் கால்களைப் பொருத்தி, தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். பக்க ஓவியங்கள் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் அவற்றின்மேல் வண்ணம் அடிக்க வேண்டாம்.

மென்பொருளில் மையம் மேம். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். 2016இல் அது கட்டற்ற மென்பொருளானது. அட்ராக்ட்-மோட் போன்ற ஒரு முகப்பு மென்பொருளைச் சேர்த்து, கணினி ஏறியதும் அதுவே தொடங்கும்படி அமைத்தால் விசைப்பலகை தேவைப்படாது. மேமைப் பயன்படுத்துவது சட்டப்படி சரி. போர்டின் சில்லுகளிலிருந்து நகலெடுத்த விளையாட்டு நிரல்களான ரோம் கோப்புகள் வேறு விஷயம், அவற்றின் உரிமை நிறுவனங்களிடமே இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் இத்தகைய படைப்புகளின் பதிப்புரிமை குறைந்தது 60 ஆண்டுகள் நீடிப்பதால் இங்கே சொன்ன பழைய விளையாட்டு எதுவும் இன்னும் பொதுவுடைமையாகவில்லை. ஆயிரக்கணக்கான ரோம்களை வட்டில் அடைத்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். ராபி ரோட்டோ (1981) போல, வணிக நோக்கமின்றி ஆட உரிமையாளர்களே அனுமதித்த சில விளையாட்டுகள் மேம் தளத்திலேயே கிடைக்கின்றன. காப்காம் 2021இல் தன் பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் தொகுப்பு ஒன்றைக் கணினிக்கு வெளியிட்டது. பிடித்த பத்துப் பதினைந்து விளையாட்டுகளைப் பணம் கொடுத்து வாங்கி வைத்தால் பெட்டி நிறைவாகவே இருக்கும். ஐயாயிரம் பெயர்கள் ஓடும் பட்டியலில் யாரும் எதையும் முழுதாக ஆடுவதில்லை.

நாணயக் கதவை அடைத்துவிட்டுப் பொத்தானால் காசு சேர்க்கும்படி பலர் மாற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாணயம் விழும்போது அழுந்தும் ஸ்விட்ச் ஜே-பேக் வழியாக மேமின் 5 என்ற விசைக்குத் தானாகவே போய்ச் சேரும். பெட்டி ஏற்றுக்கொண்ட பழைய நாணயமோ டோக்கனோ ஒரு கைப்பிடி தேடி வைத்துக்கொள்ளுங்கள். காசு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது என்ற கட்டுப்பாட்டை வைத்துத்தான் இந்த விளையாட்டுகளின் கடுமையே அளவிடப்பட்டது. எல்லையில்லாமல் காசு சேர்த்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அலுத்துப்போவீர்கள்.

எல்லாம் மாட்டியபின் முதல் நாள் ஆட உட்காராதீர்கள். மேமில் ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்து எஃப்2 விசையை அழுத்தினால் பெரும்பாலும் அந்தப் போர்டின் சோதனைப் பட்டியலுக்குப் போகும். கடைக்காரர்களுக்காக நிறுவனங்கள் வைத்தது அது. பல விளையாட்டுகளில் அங்கே கட்டக் கோலமும் வண்ணப் பட்டைகளும் கிடைக்கும். கட்டங்களைப் பார்த்து மானிட்டரின் அகலம், உயரம், நடுநிலை ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். சாசிஸ் இயங்கும் நேரத்தில் செய்யும் வேலை என்பதால் இரும்பு ஸ்குரூடிரைவர் கூடாது, டிரிம்மர் எனப்படும் பிளாஸ்டிக் திருப்பி மட்டுமே. பின்னால் நீங்கள் திருகும்போது முன்னால் ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அல்லது ஒரு கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். பிறகு வண்ணப் பட்டைகளை வைத்து மூன்று நிறங்களையும் சமன்படுத்துங்கள். மானிட்டர் சூடேற அரை மணி நேரம் விட்டு, இன்னொரு முறை அதே சோதனையைப் பார்த்து, இறுதித் திருத்தத்தைச் செய்யுங்கள்.